நேத்து அடிச்ச வெல்டு

காலையில் முதல் கேட்டுச் சட்டத்தில் வெல்டிங் டார்ச்சை வைத்து விசையை அழுத்தியதுமே இசைவாணிக்கு ஏதோ தப்பென்று பட்டது. மிஷினில் கோளாறு ஒன்றும் இல்லை. சத்தம் நன்றாக இருந்ததுதான் அவளைக் கலக்கியது. காய்ந்த எண்ணெயில் வடகம் பொரிவதுபோல ஒரே சீராக, விட்டுப் போகாமல் பொரிந்தது. அப்படியென்றால் நேற்று மத்தியானம் காதில் விழுந்தது என்ன சத்தம்?

விசையை விட்டாள். ஹெல்மெட்டை மேலே தள்ளினாள். நேற்றைய சத்தம் இப்போதும் காதுக்குள் இருந்தது. பட், பட், பட்டென்று டார்ச்சிலிருந்து வரும் வெல்டு ஒயர் இரும்பை முட்டி முட்டித் தெறித்த சத்தம். டிரெய்லர் கொண்டுவந்த நாராயணசாமி பக்கத்தில் நின்றுகொண்டு "ஆச்சாம்மா, ஆச்சா" என்று பறந்ததில், அதைக் கேட்டும் கேட்காதவள்போல இருந்துவிட்டாள்.

கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்கு ஏறுகிற ரோட்டோரத்தில் இருந்தது அந்தத் தகரக் கொட்டகை. அணைப் பக்கமிருந்து அடிக்கும் காற்று உருகும் இரும்பை மூடிக் காக்க டார்ச்சின் வாயிலிருந்து வரும் கேஸை வாரிக்கொண்டு போய்விடும். கேஸ் போனால் வெல்டு புழு அரித்த கத்தரிக்காய் மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். அதனால் அந்தப் பக்கம் முழுக்கத் தார்ப்பாய் கட்டியிருந்தாள். கேஸ் சிலிண்டர் மூலைத் தூணோடு செயின் போட்டு நிமிர்ந்து நின்றது. தினமும் வந்ததும் வால்வை மெல்லத் திறந்து, ஜாயிண்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பாள். நுரை பொங்கினால் கசிவு. அப்புறம் டார்ச்சின் மூக்கைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருக்கும் தெறிப்புகளைச் சுரண்டி எடுப்பாள். ஒயர் ரோலை ஒருதரம் விரலால் சுற்றித் துரு இருக்கிறதா பார்ப்பாள். கால் சட்டை, முழுக்கைச் சட்டை, தோல் கிளவுஸ், அதற்கு மேல் புருஷனுடைய பழைய தோல் ஏப்ரன். ரோட்டில் போகிறவர்கள் முதல் மாதம் நின்று பார்த்தார்கள். இப்போது பார்ப்பதில்லை.

புருஷன் அருள்மொழி அந்தக் கொட்டகைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். போன ஆடியில் ஒரு கோழிப் பண்ணைக்கு மேல்சட்டம் வெல்டு அடிக்கும்போது தூறல் பிடித்துக்கொண்டது. அஞ்சு நிமிஷ வேலைதானே என்று நனைந்த கிளவுஸோடு வெல்டிங் ஹோல்டரைப் பிடித்தான். கரண்டு உதறியதில் பத்தடி உயரத்திலிருந்து கீழே விழுந்தான். வலது மணிக்கட்டில் இப்போது ஸ்டீல் பிளேட்டு இருக்கிறது. வெல்டிங் ராடு மாட்டும் ஹோல்டரை அந்தக் கையால் நிதானமாகப் பிடிக்க முடியாது. சின்ன மிக் மிஷின் வாங்கினால் டார்ச்சு லேசாக இருக்கும், ராடுக்குப் பதில் ஒயர் தானாக வரும் என்று வாங்கினான். வாங்கின பிறகு அதையும் கை தாங்கவில்லை. கள்ளக்குறிச்சியில் பெண்களுக்கு நடந்த ரெண்டு மாதப் பயிற்சிக்குப் போய், ராடு, மிக் ரெண்டும் கற்றுக்கொண்டு வந்து, டார்ச்சை இசைவாணி கையில் எடுத்தாள்.

"இன்னாத்துக்கு நிறுத்திட்ட?" என்றான் அருள்மொழி.

"நேத்து நாராயணசாமி அண்ணன் வண்டிக்கு அடிக்கசொல்ல இந்தச் சத்தம் வரல."

"வெல்டு நல்லாதான இருந்துச்சு. நானே பாத்தனே."

"நீ பாத்தது கிரைண்டர் போட்டு வழிச்சி, பெயிண்டும் அடிச்சப்புறம்."



நேற்று வந்தது நாராயணசாமியின் டிராக்டருக்குப் பின்னால் பூட்டுகிற டிரெய்லர். அதன் முன்மூக்கில் வளையம் வைத்த தடித்த பிளேட்டு ஒன்று இருக்கும். அந்த வளையத்தில்தான் டிராக்டரின் முளை இறங்கும். மொத்த வண்டியும் அந்த ஒரு பிளேட்டில்தான் தொங்கிக்கொண்டு போகிறது. பழைய பிளேட்டு விரிசல் விட்டிருந்தது என்று புதுசு வைக்கச் சொல்லிக் கொண்டுவந்தார். டிரெய்லர் கொட்டகைக்குள் நுழையாது. ரோட்டோரம் நிறுத்தி, மெல்லிசான நீட்டு ஒயரைச் சுருள்கூடப் பிரிக்காமல் இழுத்து, அதில் மிஷினை மாட்டினாள். மத்தியானம் மூணு மணி. சுத்தி இருக்கிற கொல்லைகளில் எல்லாம் மோட்டார் ஓடி, கரண்டு இறங்கிப்போகும் நேரம். கரண்டு எவ்வளவு வருகிறது என்று மீட்டர் வைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இசைவாணி மூலையில் கிடந்த தடித்த பிளேட்டுத் துண்டு இரண்டை எடுத்தாள். மிஷினின் குமிழைக் குறைத்துக்கொண்டே வந்து, அந்தப் பட் பட் சத்தம் வருகிற இடத்தில் நிறுத்தினாள். இரண்டையும் சேர்த்து ஒரு கோடு அடித்தாள். கயிறு மாதிரி தடித்துப் படிந்தது. ஆறவிட்டு, ஒன்றை வைஸில் கவ்வவைத்து, நாலு பவுண்டு சுத்தியால் மற்றதை அடித்தாள். மூன்றாவது அடியில் துண்டு கழன்று தரையில் விழுந்து உருண்டது.

அருள்மொழி எழுந்து வந்து அதைக் காலால் புரட்டினான்.

"வண்டி எங்க இருக்குது இப்ப?" என்றான்.

"வெடியக்காலம் மலைக்குப் போச்சு. சடையன் மேஸ்திரி ஊருக்கு. கரும்பு வெட்ட ஆளு ஏத்திகினு வர."

போன் போட்டார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டார்கள். சேராப்பட்டுப் பக்கம் போனாலே டவர் கிடைக்காது, இது அதற்கும் உள்ளே. நாராயணசாமி வீட்டில் அவர் சம்சாரம் பெரியநாயகி எடுத்து, "அவரு மத்தியானத்துக்கு மேல எறங்கிடுவாரும்மா, இன்னா விசயம்?" என்றாள். இசைவாணி வாயைத் திறப்பதற்குள் அருள்மொழி போனைப் பிடுங்கி, "ஒண்ணும் இல்லிங்க, சும்மாதான்" என்று வைத்துவிட்டான்.

"ஏன் வெச்ச?"

"இன்னான்னு சொல்லுவ? எங்க வேல சரியில்ல, வண்டிய நிறுத்துங்கன்னா? ஊரே ஏற்கெனவே பொம்பள அடிச்ச வெல்டு பொம்பள அடிச்ச வெல்டுன்னு பேசிகினு இருக்குது. நீயே போயி ஆமாங்கறியா?"

"வண்டில ஆளு ஏறும்."

"போவசொல்ல காலியாதான் போச்சு. நிக்கலியா? வரசொல்லயும் நிக்கும். எறங்கனதும் நானே கூட்டியாறேன். வேற எதுனா சொல்லிப் பிரிச்சி மறுக்கா அடிச்சிடலாம்."

"ஏறசொல்ல வண்டி பின்னால இழுக்கும். எறங்கசொல்ல முன்னால தள்ளும். திருப்பத்துல ஒடிச்சி ஒடிச்சித் திருப்பும். உனக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கொட்டகையில் இப்படியும் அப்படியும் நடந்தான். இசைவாணியின் அம்மா இருபது வருஷம் கரும்பு வெட்டினவள். இசைவாணியும் சின்ன வயசில் அந்த டிரெய்லர்களில் ஏறிப் போனவள்தான். குலுக்கல் கம்மி என்று பிள்ளைகளை எப்போதும் முன்பக்கப் பலகையோரம் உட்காரவைப்பார்கள். பிள்ளைகள் உட்காருகிற இடத்துக்குக் கீழேதான் அந்த வளையப் பிளேட்டு இருக்கும்.

அவள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மிஷினை அணைத்தாள், சிலிண்டர் வால்வை மூடினாள். டிவிஎஸ் வண்டியின் முன்னால் சுத்தியை வைத்தாள். இன்னும் ஏதோ வேண்டுமென்று தோன்றியது. கை தானாகச் சிலிண்டரைக் கட்டியிருந்த செயினுக்குப் போனது.

"அதத் தொடாத!" என்று கத்தினான் அருள்மொழி. "சிலிண்டர் சாஞ்சி வால்வு ஒடிஞ்சா கொட்டாயே இருக்காது. புத்தி எங்க போச்சு உனுக்கு?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவன் உள்ளே போய், சட்டம் தூக்குகிற தடித்த செயினை இடது கையால் தரையில் இழுத்துக்கொண்டு வந்தான். வண்டியின் முன்னால் சுருட்டி வைத்தான். கொக்கி இரண்டையும் அழுத்திப் பார்த்தான்.

"மூக்கச் சுத்திப் போட்டு டிராக்டரோட கட்டச் சொல்லு. பிளேட்டு போனாலும் வண்டி போவாது" என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மெதுவாப் போ. மலைல ரோடு ஈரமா இருக்கும்."

அவள் காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கேழ்வரகுக் களியும் நேற்று வைத்த கருவாட்டுக் குழம்பும் தூக்கில் அப்படியே இருந்தன. அதை விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

மார்கழி கடைசி. மலையடிவாரம் வரைக்கும் வெயில் இருந்தது. முதல் திருப்பத்திலேயே குளிர் முழங்காலில் ஏறியது. வண்டி ஏற்றத்தில் திணறி முனகிக்கொண்டு போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் எதிரே டிராக்டர் வந்துவிடுமோ என்று இசைவாணி ஹாரனை விடாமல் அடித்தாள். எதிரே வந்தவை எல்லாம் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரிகள். மேலே போகப் போகப் பனி மாதிரியும் தூறல் மாதிரியும் ஒன்று முகத்தில் ஒட்டியது. ஓர் இடத்தில் ரோட்டோரம் டிராக்டர் டயர் பதிவு புல்லுக்குள் இறங்கியிருப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப் போய் எட்டிப் பார்த்தாள். பள்ளத்தில் ரெண்டு மாடு மேய்ந்துகொண்டிருந்தன. யாரோ ஒதுங்கிவிட்டுப் போன தடம். திரும்பி வந்து வண்டியை உதைத்தபோது நாலாவது உதையில்தான் கிளம்பியது.

என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனசுக்குள் கட்டிக்கொண்டு போனாள். 'அண்ணே, கரண்டு கம்மியா இருந்துச்சு.' 'அண்ணே, நீங்க அவசரப்படுத்தனீங்க.' இரண்டும் உண்மைதான். ஆனாலும் இரண்டும் வாயில் ஒட்டவில்லை. விசையை அழுத்தினது அவள் விரல்.

வெள்ளிமலை ரோட்டை விட்டுப் பிரிந்து மண்பாதையில் நாலு கிலோமீட்டர் உள்ளே போனபோது, சாமைக் கொல்லைகளுக்கு நடுவில் இருபது முப்பது வீடுகள் தெரிந்தன. முதல் வீட்டு வாசலிலேயே டிராக்டர் நின்றது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பாய்ச் சுருள், சட்டி பானை, அரிசி மூட்டை, கூண்டுக்குள் ஒரு கோழி. முன்பலகையோரம் நாலு பிள்ளைகள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எறங்குங்க!" என்று கத்திக்கொண்டே வண்டியைச் சாய்த்துப் போட்டாள். "எல்லாம் எறங்குங்க!"

நாராயணசாமி டிராக்டர் சீட்டில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தார். ஐம்பது வயசு, தலையில் மப்ளர். "இன்னாம்மா இசை? நீ எங்க இங்க?"

"அண்ணே, அந்த வெல்டு புடிக்கல."

"எந்த வெல்டு?"

"நான் அடிச்ச வெல்டுண்ணே. வளையத்துக்கு அடிச்சது. மேல ஒட்டிகினு இருக்குது, உள்ள எறங்கல. கீழ எறக்கத்துல கழண்டுக்கும். ஆளு ஏத்தாதீங்க."

சடையன் மேஸ்திரி டிரெய்லரின் பின்பக்கம் இருந்து வந்து நாராயணசாமியின் முகத்தைப் பார்த்தான். நாராயணசாமி இறங்கிப் போய்க் குனிந்து பிளேட்டைத் தடவினார்.

"கண்ணாடி மாதிரி இருக்குது. காலைல இதுலதான மலையேறி வந்தேன்? ஒரு அசங்கல் இல்ல."

"வழவழன்னு இருக்கறது நான் கிரைண்டர் போட்டதுண்ணே."

"நாளைக்கு வெடிஞ்சா எனக்கு வெட்டு உத்தரவு. மில்லு தேதி குடுத்துட்டான். நாளைக்கு வெட்டலைன்னா கரும்பு இன்னும் இருவது நாளு காயணும். தெரியுமில்ல?"

"தெரியும்ணே."

"தெரிஞ்சிகினா வந்து நிக்கிற?" குரல் ஏறியது. "நல்லா இல்லைன்னா நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"நேத்து எனக்கே தெரியலண்ணே. இன்னிக்குக் காலைலதான் தெரிஞ்சுது."

"அடிச்சிப் பாத்துடலாம்" என்றான் சடையன். சண்டையை முடிக்கிற குரலில்தான் சொன்னான். "சுத்திதான் வெச்சிருக்குதே அந்தம்மா."

எல்லோரும் இறங்கினார்கள். டிரெய்லருக்கு அடியில் கல் வைத்து, மூக்கை ஜாக்கியில் தாங்கவைத்து, முளையைப் பிடுங்கினார்கள். இசைவாணி சுத்தியை இரண்டு கையாலும் பிடித்து வளையத்தின் பக்கவாட்டில் அடித்தாள். டங்கென்றது. பெயிண்டு ஒரு சில்லு பெயர்ந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி. ஏழு அடி, எட்டு அடி. கை விண்விண்ணென்று தெறித்தது. பிளேட்டு அசையவில்லை.

யாரோ ஒரு பையன் சிரித்தான். பிறகு இன்னும் நாலு பேர் சிரித்தார்கள்.

"குடு" என்று சுத்தியை வாங்கி நாராயணசாமியே ஓங்கி நாலு போட்டார். அசையவில்லை. சுத்தியைக் கீழே போட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "போதுமா? உன் வேலைய நீயே நம்பலைன்னா நான் இன்னாம்மா பண்றது? ஏறுங்கப்பா."

கிரைண்டர் இருந்தால் அறுத்துக் காட்டியிருக்கலாம். கொண்டு வந்திருந்தாலும் காலையிலிருந்து அந்த ஊரில் கரண்டு இல்லை. உண்மையிலேயே பிடித்துத்தான் இருக்கிறதோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. சத்தத்தை வைத்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே. வெறும் சத்தத்தை வைத்து. புருஷன் சொன்னதுபோலப் பேசாமல் இருந்திருக்கலாம். அப்படி நினைத்துக்கொண்டே, ஏற வந்தவர்களுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் போய் நின்றாள். எப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஒரு கொழந்தையும் ஏறக் கூடாது" என்றாள். "நான் வுட மாட்டேன்."

சடையனின் பெண்சாதி ராஜாம்பாள் இடுப்பில் துணி மூட்டையோடு ஓரமாக நின்றிருந்தாள். இப்போது மூட்டையைத் தரையில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"நான் ஏறல" என்றாள்.

"ஏய், இன்னா நீ?" என்றான் சடையன்.

"அந்தப் பொண்ணு மலையேறி இம்மாந்தூரம் ஒத்தையில வந்துகீது. எதுக்கு? என் வேல கெட்டுப்போச்சின்னு சொல்ல. பொய் சொல்றவங்க எங்கனா தன்ன மாட்டி வெச்சிக்கினு பொய் சொல்லுவாங்களா? மொகத்தப் பாரு அதுக்கு. சோறுகூடத் தின்னல." நாராயணசாமி பக்கம் திரும்பினாள். "வண்டி நல்லாருந்தா நல்லதுதாங்க. நீங்க ஓட்டிகினு போங்க. மூட்ட முடிச்செல்லாம் அதுல வரட்டும். நாங்க நாளைக்குக் காலம்பற மொத பஸ்ல வறோம்."

அவள் உட்கார்ந்ததைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற பெண்ணும் உட்கார்ந்தாள். பிறகு வரிசையாக எல்லாப் பெண்களும். ஆண்கள் நின்றபடி இருந்தார்கள், ஏறவும் இல்லை.

நாராயணசாமி கொஞ்ச நேரம் டயரை உதைத்துக்கொண்டு நின்றார். "என் கரும்பு" என்று என்னமோ ஆரம்பித்தார், முடிக்கவில்லை. கடைசியில் செயினைப் பார்த்து, "அதையாவது கட்டித் தொலை" என்றார். இசைவாணியும் சடையனுமாகச் செயினை டிரெய்லர் மூக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி டிராக்டரின் பின்சட்டத்தில் மாட்டினார்கள்.

ராஜாம்பாள் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு ரெண்டைத் தேக்கிலையில் சுற்றி அவள் கையில் திணித்தாள். "வண்டி ஓட்டிகினே தின்னாத. நிறுத்திட்டுத் தின்னு."

நிறுத்தவும் இல்லை, தின்னவும் இல்லை. டிரெய்லருக்குப் பின்னாலேயே இறங்கினாள். ஒவ்வொரு வளைவிலும் டிரெய்லரின் மூக்கு ஒடிந்து திரும்பும்போது அவள் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். சட்டியும் பானையும் ஒன்றோடொன்று மோதி உள்ளுக்குள் உருண்டன. கோழி விடாமல் கத்தியது. கழன்றால் அண்ணன் என்ன ஆவார் என்றும் பயந்தாள். கழலாவிட்டால் என்ன சொல்வார் என்றும் பயந்தாள். எது பெரிய பயம் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அதில் வெட்கமாகவும் இருந்தது.

கழலவில்லை. நாலரை மணிக்கு டிராக்டர் பத்திரமாக அடிவாரத்துக்கு வந்து பட்டறை முன்னால் நின்றது. நாராயணசாமி இறங்கினார்.

"பாத்தியா?" என்றார். கோபம்கூடத் தீர்ந்து போயிருந்தது, அலுப்புதான் மிச்சம். "ஒரு நாளு போச்சு எனக்கு."

"அண்ணே, அத நான் அறுக்கணும்."

"இன்னும் எதுக்கு?"

"எனக்குத் தெரியணும்ணே. கையில தப்பா, காதுல தப்பான்னு தெரியணும். இல்லைன்னா நாளைக்கு நான் எதையும் தொட முடியாது."

அவர் அருள்மொழியைப் பார்த்தார். அருள்மொழி காலையிலிருந்து அதே ஸ்டூலில் இருந்தவன்போலத் தெரிந்தான். தூக்கில் களி தொடப்படாமல் இருந்தது, அவனும் தின்னவில்லை. எழுந்து போய்க் கிரைண்டரில் வெட்டுச் சக்கரத்தை மாட்டி, மூடி சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, பெண்சாதியிடம் கொடுத்தான். சுற்றிலும் கிடந்த சாக்கு, எண்ணெய்த் துணி எல்லாவற்றையும் காலால் தள்ளி ஒதுக்கினான். ஒரு வாளித் தண்ணீர் எடுத்து வைத்தான்.

"அறுக்கட்டும்ங்க" என்றான்.

இசைவாணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்து வெல்டில் சக்கரத்தை இறக்கினாள். பொறி ரோட்டு வரைக்கும் போனது. ஒரு பக்கம் அறுந்ததும் கிரைண்டரை வைத்துவிட்டுச் சுத்தியை எடுத்தாள். மலையில் பன்னிரண்டு அடிக்கு அசையாதது இங்கே ரெண்டாவது அடியில் வாயைத் திறந்தது. மூன்றாவதில் பிளேட்டு மொத்தமாகப் பெயர்ந்து வந்து மண்ணில் விழுந்தது.

மூன்று பேரும் குனிந்தார்கள்.

வெல்டு பிளேட்டோடு வரவில்லை, டிரெய்லர் மூக்கில்தான் ஒரு தடித்த அட்டை மாதிரி ஒட்டியிருந்தது. பிளேட்டைப் புரட்டினாள் இசைவாணி. கடையிலிருந்து வரும்போது இரும்பில் அடித்திருக்கும் சிவப்பு மை, அது கருகக்கூட இல்லை. ஓர விளிம்பில் மட்டும் விரல் நகம் அளவு இடம் உருகிப் பிடித்திருந்தது. காலையில் மலை ஏறினது, மாலையில் இறங்கினது எல்லாம் அந்த ஒரு நகத்தில்தான்.

நாராயணசாமி அந்தச் சிவப்பு மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். விரலில் மை ஒட்டியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரோட்டோரம் போய் உட்கார்ந்துவிட்டார். மப்ளரைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"அது இன்னா கணக்கு?" என்றார். "அம்மாம் அடி அடிச்சமே."

"மேல நாம அடிச்சது அந்த நகம் புடிச்ச பக்கம்ணே. இங்க ஒரு பக்கம் அறுத்ததும் அது தாங்கல" என்றாள் இசைவாணி. "இந்தச் சின்ன மிஷின் கேட்டு, கிரில்லு, சன்னல் இதுக்கெல்லாம் ராஜா. இம்மாம் தடிச்ச பிளேட்டுல இதுக்குச் சூடு பத்தாது. அதுலயும் கரண்டு கம்மி. அந்தச் செவப்பு மையக்கூட நான் சொரண்டல. என்மேலதான் தப்பு."

"நானும் அவசரப்படுத்தனேன்."

"ஆமாண்ணே" என்றாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கொல்லை மோட்டார்கள் ஓடத் தொடங்குமுன்னே வேலையை ஆரம்பித்தார்கள். அருள்மொழி கரண்டுப் பெட்டியில் மீட்டரை வைத்துப் பார்த்து, "இருநூத்தி இருவத்தெட்டு வோல்ட்டு வருது" என்று சொன்னான். நீட்டு ஒயர் வேண்டாமென்று டிரெய்லர் மூக்கு மட்டும் கொட்டகைக்குள் வருகிற மாதிரி திருப்பி நிறுத்தினார்கள். இசைவாணி பழசை முழுக்க வழித்தெடுத்து, புது இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் தேய்த்து, பிளேட்டின் விளிம்பைச் சாய்வாகச் சீவினாள். மிக் மிஷினைத் தொடவில்லை. மூலையில் தூசி படிந்து கிடந்த புருஷனுடைய பழைய ராடு மிஷினை இழுத்தாள். அதன் ஹோல்டரில் விட்டுப் போயிருந்த கரண்டுக் காப்புக்குப் போன மாதமே அவன் புதுசு போட்டு வைத்திருந்தான். எர்த் கிளாம்ப்பைப் பிளேட்டுப் பக்கத்திலேயே, சுத்தமான இரும்பில் கவ்வவைத்தாள். காய்ந்த கிளவுஸா என்று அருள்மொழி அவள் கையைப் பிடித்து உள்ளே விரல் விட்டுப் பார்த்தான்.

அடியில் ஒன்று, மேலே ரெண்டு என்று ஒவ்வொரு பக்கமும் மூன்று ஓட்டம் ஓட்டினாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு அருள்மொழி இடது கையால் மேலே படிந்த கசடைத் தட்டி எடுத்தான். இடது கை அவனுக்குப் பழகவில்லை. ரெண்டு தரம் தன் விரலிலேயே போட்டுக்கொண்டான். வெல்டு ஆறினதும் இசைவாணி பெயிண்டு டப்பாவை எடுத்து, பிறகு வைத்துவிட்டாள்.

"வேணாம். எல்லாரும் பாக்கட்டும்."

மில்லுக்குப் போன் போட்டு எப்படியோ கெஞ்சி, உத்தரவை மத்தியானம் வரைக்கும் நிறுத்தி வைத்திருந்தார் நாராயணசாமி. பத்து மணிக்கு, மலையிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் சடையன் ஆட்கள் வந்து இறங்கினார்கள். இருபத்து மூன்று பேர், பிள்ளைகளோடு. அங்கிருந்து கரும்புக் கொல்லை மூணு கிலோமீட்டர். டிராக்டர் தயாராக நின்றது.

யாரும் ஏறவில்லை. ராஜாம்பாள் முன்னால் வந்து டிரெய்லரின் மூக்கைப் பார்த்தாள். பெயிண்டு இல்லாமல், செதில் செதிலாகக் கறுத்துக் கிடந்த வெல்டைப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒன்றும் தெரியாது. இசைவாணியைப் பார்த்தாள்.

"இப்ப நல்லாருக்குதா?"

"இருக்குதுக்கா."

"நிசமா?"

"அடிச்சிப் பாத்தேன். காதாலயும் கேட்டேன்."

"அப்ப நீ மொதல்ல ஏறு" என்றாள் ராஜாம்பாள்.

இசைவாணி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் டயரில் கால் வைத்து ஏறிப் போய், முன்பலகையோரம், பிள்ளைகள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். பின்னாலேயே ராஜாம்பாள் ஏறினாள். பிள்ளைகளைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தார்கள். ஒரு பெண்குழந்தை இடமில்லாமல் இசைவாணியின் மடியில் வந்து விழுந்தது. பட்டறை வாசலில் அருள்மொழி கையைத் தொங்கவிட்டபடி நின்று பார்த்தான்.

டிராக்டர் ஓர் உதறலோடு கிளம்பியது. காலுக்குக் கீழே வளையம் முளையில் டங்கென்று இடித்தது. இசைவாணி பலகையை இறுகப் பிடித்தாள். வாய்க்கால் மதகில் ஏறி இறங்கும்போது மறுபடி டங். அது வளையத்துக்கும் முளைக்கும் நடுவில் இருக்கிற சந்து, எல்லா வண்டியிலும் வருகிற சத்தம்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தலையைக் குனிந்து அடுத்த சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தாள்.

"இன்னாம்மா, பயமா இருக்குதா?" என்று கேட்டாள் ராஜாம்பாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாக்கா" என்றாள்.

ராஜாம்பாள் மூட்டையிலிருந்து வெற்றிலையை எடுத்துத் துடைத்தாள். "இருக்கட்டும். நீ பயப்படறதாலதான் நாங்க ஏறிக்கினோம்."